துருவின் மேல் பூட்டிய கொக்கி

சவரியம்மாளின் காலை முடமாக்கியவன் நான்.

அவள் புருஷன் அந்தோணிதான் அதைச் செய்தான் என்று பாகூர் முழுவதும் சொல்கிறார்கள். வண்டியில் பாரம் ஏற்றத் தெரியாமல் ஏற்றி, பெண்டாட்டியையும் அதன் பின்னால், வாலில் உட்கார வைத்து, அவள் காலை முறித்துவிட்டானாம். என் தலை நரைத்துவிட்டது. இன்னும் அப்படியேதான் சொல்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நானில்லை... ஆனால் அது பொய்யென்று அறிந்தவர்கள் இருவர். ஒருவன் அந்தோணி. மற்றவன் நான். அவன் சொன்னான், யாரும் நம்பவில்லை. நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நான் சொல்லவில்லை!

என் பெயர் கோவிந்தன். பாகூரில் கொல்லுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயரைக் கூப்பிடுவார். 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். என் முறை வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தும் நான் வரவில்லை என்று எழுதப்பட்ட நாட்கள் உண்டு. இதை ஒரு சமாதானமாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களா? இருக்கலாம். இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். இது போதவில்லை என்பதால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் மாடுகளுக்கு வெக்கை நோய் வந்தது. காலையில் தீனி தின்ற மாடு மாலையில் கண்ணிலும் வாயிலும் நீர் வழிய நிற்கும். இரண்டு நாள், மூன்று நாள்... அவ்வளவுதான். ரெட்டியார் வீட்டுத் தொழுவத்தில் ஒரு ஜோடி கூட மிஞ்சவில்லை. ஏரிக்குக் கீழே அவருக்குத்தான் நிறைய நிலம். நெல் அறுத்துக் களத்தில் கிடந்தது. மூட்டை கட்டியாயிற்று. புதுச்சேரிக்கு ஏற்றிப்போக வண்டிகள் இருந்தன. இழுக்க மாடு இல்லை.

ரெட்டியாரிடம் ஒரு பழைய மோட்டார் இருந்தது. உயரமான வண்டி. பின்பக்கம் திறப்பாக இருக்கும். மேலே கான்வாஸ் கூரை. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போனது. அதற்கு முன்னால் கடற்கரை ஓரத்து வீட்டில், கூரையில்லாத கொட்டகையில், பல வருஷம் உப்புக் காற்றில் நின்ற வண்டி அது. மேலே பச்சை வர்ணம் பளபளவென்று இருந்தது. அடியில் என்ன இருந்தது என்பதை யார் குனிந்து பார்த்தார்கள்?

ரெட்டியாருக்கு ஒரு யோசனை. மாட்டுவண்டியின் நுகத்தடியைக் கழற்றிவிட்டு, முன்னால் நீளும் ஏர்க்கால் நுனியில் ஒரு இரும்பு வளையம் போட வேண்டும். மோட்டாரின் பின்னால் ஒரு கொக்கி பூட்ட வேண்டும். வளையத்தைக் கொக்கியில் மாட்டினால் மாடு வேண்டாம், மோட்டார் இழுக்கும். கேட்டவர்கள் எல்லாரும் வியந்துபோனார்கள். ரெட்டியார் என் பட்டறைக்கு அவரே வந்தார். கூடப் பத்துப் பேர். எல்லார் எதிரிலும் சொன்னார்: "இந்த வேலய செய்யறதுக்கு நம்ம கோவிந்தன விட்டா இந்த கொம்யூன்ல ஆளு ஏது?"

என் பெயரை யாராவது அப்படி உரக்கச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. காது மடல் சுட்டது. தலையை ஆட்டினேன்.

மோட்டாரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தேன். வண்டியின் நீளத்துக்கு இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. பின்கோடியில் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று. கொக்கி அதில்தான் உட்கார வேண்டும். சின்னச் சுத்தியால் தட்டிப் பார்த்தேன். அது எங்கள் வழக்கம். இரும்பு நன்றாக இருந்தால் ணங்கென்று பேசும். அது பேசவில்லை. ஈரச் சாக்கில் தட்டியது போல் ஒரு சத்தம்... இன்னொரு இடத்தில் தட்டினேன். அதே சத்தம். உளியால் சுரண்டினேன். துரு அப்பளம் அப்பளமாக உரிந்து என் முகத்தில் கொட்டியது.

கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கண்ணில் துரு விழுந்ததால் மட்டுமா மூடினேன்?

வெளியே பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சொல்ல முயன்றேன். உண்மையாகவே முயன்றேன்! அடியில் கொஞ்சம் அரித்திருக்கிறது எசமான் என்றேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

"அரிக்காத இரும்பு எங்கடா இருக்குது? ஒன் பட்டறைய பாரு, வாசல்லேந்து துருதான். நீ அதுலதானே சோறு துன்ற?" என்றார் ரெட்டியார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவர் சுபாவம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான்... ஏன் சிரித்தேன்? கொஞ்சம் இல்லை எசமான், முழுவதும் போய்விட்டது, கொக்கி தாங்காது என்று அப்போது சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? திட்டியிருப்பார். போகட்டும், வேறு வழி பார்க்கலாம் என்று எழுந்து போயிருப்பார். அதோடு முடிந்திருக்கும்.

கூச்சம் என்று சொன்னேன். முழுக்கவும் கூச்சம் அல்ல. இன்றைக்காவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என்னால் முடியாது என்று அந்தக் கூட்டத்தின் எதிரில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோவிந்தனை விட்டால் ஆள் ஏது என்ற அந்த வார்த்தை என் காதில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. அதை இழக்க நான் தயாராக இல்லை!

மறுபடியும் அடியில் நுழைந்தேன். கைத்தமரால் துளை போட்டேன். நல்ல இரும்பில் துளை போட்டால் சுருள் சுருளாக வரும், கை வலிக்கும். இங்கே செம்பொடி கொட்டியது. பனங்கிழங்கில் ஆணி இறங்குவது போலத் தமர் இறங்கியது. அரித்த இடத்தை மறைத்து, முன்னும் பின்னும் கனமான தகடு வைத்தேன். அந்தத் தகடுகள் நல்ல இரும்பு. போல்ட்டுகளும் நல்லவை. கொக்கி நான் என் கையால் காய்ச்சி அடித்தது. இன்றைக்கும் அது முறியவில்லை. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது என்ன? துரு! செத்துப்போன இரும்பின் இரண்டு பக்கமும் உயிருள்ள இரும்பை வைத்து முறுக்கினேன்.

அதற்கு மேல் படகுக்குப் பூசும் கீலைக் காய்ச்சிப் பூசினேன். ஓட்டை, பொக்கை எல்லாம் அடைபட்டுப் போயின. கறுப்பாக, புதிது போல இருந்தது. ரெட்டியார் குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். கொக்கியைக் காலால் ஒரு உதை உதைத்தார். அசையவில்லை. "இன்னா கோவிந்தா, யானய கட்டலாம் போல இருக்குதே" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அதை எல்லாரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வண்டி புறப்படும் காலையில் களத்து மேட்டில் பூசை போட்டார்கள். மோட்டாரின் முன்னால் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கொக்கிக்கும் சந்தனம் வைத்தார்கள். நான் பூசிய கீலின் மேல், துளையை மறைத்த அதே இடத்தில், சந்தனமும் குங்குமமும்! எல்லாரும் கும்பிட்டார்கள். நானும் கைகூப்பினேன். சாமி, இது தாங்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். தாங்காது என்று தெரிந்த பொருளுக்காக வேண்டிக்கொள்வது வேண்டுதலா, நீங்களே சொல்லுங்கள்.

மூட்டை ஏற்ற அந்தோணி வந்திருந்தான். ரெட்டியார் நிலத்தில் பரம்பரையாக வேலை செய்யும் குடும்பம். எந்த வண்டியிலும் அவன் ஏற்றிய பாரம் சரிந்ததில்லை. வண்டி மாட்டின் கழுத்தை அழுத்தாமல், பின்னாலும் தொங்காமல், ஒரு விரலால் ஏர்க்காலைத் தூக்கும்படி ஏற்றுவான். அதற்கே அவனைத் தேடி வருவார்கள். அவன் பெண்டாட்டி சவரியம்மாள் சிந்தும் நெல்லைக் கூட்டி அள்ள வந்திருந்தாள்.

எனக்கு அப்போது ஒரு புத்தி வந்தது. இப்போது நினைத்தால் அந்தப் புத்தி வராமலே போயிருக்கலாம்... கொக்கியின் மேல் பாரம் குறைந்தால் துருவுக்கு வலி குறையும் அல்லவா? ரெட்டியாரிடம் உண்மையைச் சொல்லத் துணிவில்லாத நான், அந்தோணியிடம் பாதியைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். மாட்டுவண்டி வேலை செய்து செய்து மாட்டின் கழுத்தைத் தவிர வேறொன்றும் என் நினைவுக்கு வரவில்லை. மாடு நின்ற இடத்தில் இப்போது மோட்டார் நிற்கிறது. மாட்டுக்கு எது சுகமோ அதுவே மோட்டாருக்கும் சுகம் என்று நினைத்துவிட்டேன்!

மற்றவர்கள் பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தோணியும் சவரியம்மாளும் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். பூசை முடியும் வரை தள்ளித்தான் நிற்பார்கள். சவரியம்மாள் எதிர்ப்பக்கம் முறத்தோடு இருந்தாள். அந்தோணி தனியாக வண்டிச் சக்கரத்தருகே நின்றான். அவனிடம் போனேன். எதிரில் ஒரே ஆள் என்றால் எனக்குப் பேச வரும்.

"அந்தோணி, கொக்கி மேல பாரம் ஒக்காரக் கூடாது. மூட்டைய நல்லா பின்னால தள்ளி ஏத்து."

அவன் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏன் ஆசாரி, மோட்டாருக்குக் கூடவா கழுத்து வலிக்கும்?"

"புதுசா பூட்டுனதுப்பா. கொஞ்சம் பழகட்டும்."

"வால் தொங்குமே..."

"தொங்கட்டும். ஏர்க்கால் லேசா இருந்தா போதும். முடிஞ்சா ஒரு ஆளயும் வால்ல ஒக்கார வெய்யி."

மாட்டுவண்டிக்காரர்கள் அப்படிச் செய்வது உண்டு. முன்பாரம் அதிகமானால் மாடு திணறாமலிருக்க ஒருவனை வாலில் ஏற்றுவார்கள். அந்தோணிக்கு மனம் ஒப்பவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இரும்பு விஷயத்தில் ஆசாரிக்குத்தானே தெரியும்? "நீங்க சொன்னா சரிதான் ஆசாரி" என்றான்.

நீங்க சொன்னா சரிதான்! இந்த மூன்று வார்த்தைகளை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன், தனியாகத் துருத்தி ஊதிக்கொண்டிருக்கும்போது...

அவன் மூட்டைகளைப் பின்னால் தள்ளி அடுக்கினான். பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "சவரி, ஏறிக்க. இன்னிக்கி ஒனக்கு மோட்டாரு சவாரி." அவள் வெட்கப்பட்டு, முறத்தையும் துடைப்பத்தையும் இடுக்கிக்கொண்டு, வண்டியின் வாலில் ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். கொம்யூன் தலைவரு மேர் வீட்டு அம்மா போறாங்க, வழி விடுங்க என்று யாரோ கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் கால்களை நான் பார்த்தேன். இரண்டும் ஒரே நீளமாக, புழுதி படிந்து, ஆடிக்கொண்டிருந்தன.

ரெட்டியார் தாமே மோட்டாரை ஓட்டினார். முதல் ஓட்டத்தில் நீயும் கூட வா என்று என்னைப் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். அந்தோணி பக்கப்படியில் தொற்றிக்கொண்டான். நான் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேர் கீழே கொக்கி. அதற்கப்பால் ஏர்க்கால். மூட்டைகளுக்கு மேலே, முதுகு காட்டி உட்கார்ந்திருந்த சவரியம்மாளின் தலை.

ஊருக்குள் போகும்போது ஒன்றுமில்லை. ஏரிக்கரை மேல் ஏறியதும் ஏர்க்கால் துள்ள ஆரம்பித்தது. பாரம் வாலில் இருந்ததால் ஒவ்வொரு பள்ளத்திலும் வால் தாழ்ந்தது. ஏர்க்கால் மேலே எம்பியது. கொக்கியை மேல்நோக்கிப் பிடுங்கியது. கீழே அழுத்தும் என்றல்லவா நான் பயந்தேன்! அது மேலே பிடுங்கிக்கொண்டிருந்தது. சந்தனப் பொட்டு இருந்த இடத்தில் கீல் வெடித்தது. மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. அடுத்த பள்ளத்தில் அது வாய் திறந்து மூடியது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள்... பார்த்துக்கொண்டேயிருந்தேன்! "எசமான்" என்று கூப்பிட்டேன். மோட்டார் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை வாயைத் திறந்தேன். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்றால் துரு என்று சொல்ல வேண்டும். துரு என்றால் எனக்கு முன்பே தெரியும் என்று ஆகும். இவ்வளவும் ஒரு கணத்தில் என் மனதில் ஓடியது. கை நீட்டி அவர் தோளைத் தொட்டிருக்கலாம். ஒரு முழம்தான் தூரம். கை நீளவில்லை.

மதகுக்குப் பக்கத்தில் சாலை இறங்கும். அந்த இறக்கத்தில் பின்வண்டி இடமும் வலமும் வாலை வீச ஆரம்பித்தது. ஒரு வீச்சு, மறு வீச்சு... குறுக்குச் சட்டம் கிழிந்தது. முறியவில்லை, நனைந்த அட்டை போலக் கிழிந்தது. தகடு, போல்ட்டு, கொக்கி எல்லாம் ஏர்க்காலோடு போய்விட்டன. ஏர்க்கால் வானத்தைப் பார்த்து எழுந்தது. வண்டி பின்பக்கமாகக் குடை சாய்ந்தது. சவரியம்மாள் தரையில் விழுந்தாள். மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவள் மேல் சரிந்தன.

அந்தோணி படியிலிருந்து குதித்து ஓடினான். மூட்டைகளை இழுத்து இழுத்து எறிந்தான். நானும் இறங்கி இழுத்தேன். கடைசி மூட்டையை எடுத்தபோது, "நெல்லு எல்லாம் போச்சே" என்றுதான் முதலில் சொன்னாள். பிறகுதான் தன் காலைப் பார்த்தாள்.

அதே மோட்டாரில் அவளைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரெட்டியார்தான் ஓட்டினார். உயிர் பிழைத்தாள். எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிவிட்டது.

சில நாள் கழித்து ரெட்டியார் வீட்டு வாசலில் கூடினார்கள். கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். யார் மேல் குற்றம் என்று விசாரிக்க வேண்டும். இரும்பு அறிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான். கிழிந்த துண்டோடு கொக்கியை என் கையிலேயே கொடுத்து, பார்த்துச் சொல் என்றார்கள். என் குற்றத்தை என் கையில் கொடுத்து என்னையே கேட்டார்கள்!

கிழிந்த ஓரம் சிவந்திருந்தது. என் விரலில் பொடி ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வண்டி வெட்டி இழுத்ததில் பிய்ந்திருக்கிறது என்றேன். அது பொய்யா? பொய்யில்லை. அதனால்தான் அது இவ்வளவு கொடியது.

பாரம் வாலில் இருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆள் வேறு வாலில். எவனாவது பெண்டாட்டியை அங்கே உட்கார வைப்பானா, காலையிலேயே கள் குடித்திருப்பான் என்று ஒருவர் சொன்னார். அவன் அன்று குடிக்கவில்லை. வாசல் படிக்குக் கீழே தள்ளி நின்றிருந்த அந்தோணி, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னான்: "நானா செய்யல எசமான். ஆசாரிதான் அப்பிடி ஏத்தச் சொன்னாரு. ஆள ஒக்கார வெய்யின்னதும் அவருதான்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அத்தனை கண்கள்! வகுப்பில் பெயர் கூப்பிட்டது போல் இருந்தது. சொல்லப் போகிறேன், இதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். ரெட்டியார் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"டேய் அந்தோணி, பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லுடா. இவன் பொண்டாட்டிகிட்டயே வாய தொறக்க மாட்டான். இவனாடா ஒனக்கு வந்து யோசன சொன்னான்?"

கூட்டம் சிரித்தது. என் கூச்சமே எனக்குச் சாட்சியாக வந்து நின்றது. என் வாழ்நாள் முழுவதும் என்னைக் கேலிக்கு ஆளாக்கிய அது, அன்று ஒரு நாள் என்னைக் காப்பாற்றியது. நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

அந்தோணி சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்று இவ்வளவு தவிக்கமாட்டேன். அவன் காத்திருந்தான்! பேச வராத மனிதன், கொஞ்சம் நேரம் கொடுத்தால் சொல்லிவிடுவான் என்று அவன் மட்டும் நம்பிக் காத்திருந்தான். ரெட்டியார் எழுந்துகொண்ட பிறகும் காத்திருந்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு அவனை யாரும் பாரம் ஏற்றக் கூப்பிடவில்லை. ரெட்டியார் நிலத்திலும் வேலை இல்லை என்றாகிவிட்டது. வில்லியனூர்ப் பக்கம் சவரியம்மாளின் பிறந்த ஊருக்கு அவர்கள் போய்விட்டார்கள். அங்கே அவன் பாதைக்குச் சரளை உடைக்கிறான் என்று கேள்விப்பட்டேன். பாரத்தை ஒரு விரலில் நிறுத்தியவன் கல் உடைக்கிறான்...

சில வருஷம் கழித்து, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டி என் பட்டறையில் லாரியின் வில்பட்டையைச் சரிசெய்துகொள்ள நின்றான். பின்வண்டி இழுப்பதைப் பற்றி, யாருக்கோ நடந்தது போல அவனிடம் கேட்டேன். அவன் பீடியை இழுத்துக்கொண்டே சொன்னான்: பாரம் கொஞ்சமாவது கொக்கி மேல் உட்கார வேண்டும், வாலில் ஏற்றினால் வண்டி ஆடி ஆடித் தன்னைத்தானே பிடுங்கிக்கொள்ளும் என்று. அந்தோணி தன் போக்கில் ஏற்றியிருந்தால்? ஏரிக்கரையைத் தாண்டும் வரையாவது தாங்கியிருக்குமா? மெதுவாகக் கிழிந்து, யார் மேலும் சரியாமல் நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. துருவை மறைத்தது ஒரு பாவம். அதிலிருந்து காப்பாற்ற நினைத்துச் சொன்ன வார்த்தை அதைவிடப் பெரிய பாவம். காப்பாற்ற நினைத்தது அவளையா, என்னையா? இதையும் நான் என்னைக் கேட்காத நாளில்லை.

இதோடு நின்றிருந்தால்கூட இதை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. போன அறுப்புக்குப் பிறகு சவரியம்மாள் என் பட்டறைக்கு வந்தாள்.

அவள் மகளை எங்கள் ஊர்க் கோயில் தெருவில், வேதக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். மகளைப் பார்க்க வந்தவள், கையில் ஒரு மூங்கில் கோலோடு வாசலில் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் இறங்கி ஏறியது. கோலின் அடி பிளந்திருந்தது. அதற்கு ஒரு பூண் போட வேண்டும் என்றாள்.

நான் கோலை வாங்கிக்கொண்டேன். பூணுக்குப் பட்டையை நெருப்பில் வைத்துத் துருத்தியை ஊதினேன். அவளைப் பார்க்காமலிருக்க நெருப்பையே பார்த்தேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை. எதிரில் ஒரே ஆள். எனக்குப் பேச வருமே! இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. பட்டை சிவக்கட்டும், சொல்கிறேன் என்று நினைத்தேன். அடித்து வளைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைத்தேன். பூணை மாட்டித் தண்ணீரில் தோய்த்தேன். அது சீறி அடங்கியது.

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவள் பேசினாள்.

"ஆசாரியாரே, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குது. அன்னிக்கி எங்க வூட்டுக்காரரு ஒங்க மேல பழியத் தூக்கிப் போட்டுட்டாரு. பயத்துல சொல்லிட்டாருன்னு நெனக்கிறேன். இன்னிக்கி வரைக்கும் நீங்கதான் சொன்னீங்கன்னு சாதிக்கிறாரு. நான் நம்பல. நீங்க மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவருக்கு நெஞ்சு சரியில்ல. அந்தப் பாவத்தோட அவரு போகக் கூடாது."

அவளும் நம்பவில்லை! ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில், இத்தனை வருஷம்... அவன் உண்மையைச் சொல்லச் சொல்ல, இவள் அதைப் பொய் என்றே எண்ணி அவனுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். நான் அவள் காலை மட்டுமா முறித்தேன்?

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் அவள் காலில் விழுந்திருப்பீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுகிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். "மனசுல வெச்சிக்கல."

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் மன்னிப்புக் கொடுத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்த முருங்கைக்காய்களை எடுத்துப் பட்டறைக் கல் மேல் வைத்தாள். அவர் வைத்து வளர்த்த மரம் என்றாள். ஊருக்குப் போனதும் அவரிடம் சொல்கிறேன், ஆசாரி மன்னித்துவிட்டார் என்று சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அதையும் சொல்லவில்லை. அந்தக் காயை என் மனைவி குழம்பில் போட்டாள். நான் தின்றேன்.

அவள் போய் அவனிடம் சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை அவன் காதில் விழுந்த நேரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் என்ன சொல்லியிருப்பான்? சிரித்திருப்பானா? இன்னமும் காத்திருக்கிறானா? இல்லை, இவ்வளவு பேர் இல்லை என்கிறார்களே, ஒருவேளை ஆசாரி சொல்லவேயில்லையோ என்று தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்திருப்பானா? அதை நினைக்கும்போதுதான் துருத்தியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

வில்லியனூர் எவ்வளவு தூரம்? விடியற்காலையில் நடந்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். இரண்டு முறை புறப்பட்டேன். ஒரு முறை தவளக்குப்பம் வரை போய், ஆள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். மறுமுறை அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன். காகிதத்துக்குக் கண் இல்லையே. ஆனால் அந்தோணிக்குப் படிக்கத் தெரியாது; சவரியம்மாளுக்கும் தெரியாது. அது எனக்குத் தெரியாமலா எழுதுகிறேன்?

அந்தப் பூணுக்கு நல்ல இரும்பு போட்டேன். சொத்தையில்லாத இரும்பு. அவள் மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் பட்டறையைக் கடந்துதான் போக வேண்டும். தெருக்கோடியில் திரும்பும்போதே கேட்கும். கல்லில் படும்போது ணங்கென்று பேசும். ஒரு ணங், ஒரு இழுப்பு... ஒரு ணங், ஒரு இழுப்பு...

சுத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறேன். அவள் வாசலுக்கு நேராக வந்ததும் நின்று, "நல்லா இருக்கீங்களா ஆசாரியாரே" என்று கேட்கிறாள்.

தலையை ஆட்டுகிறேன்.